புட் ஆஃப்: தள்ளிவைப்பா, ரத்தா?

'ஆஃப்' என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்விளக்கின் சுவிட்சுதான். விளக்கு அணைந்தது, காரியம் முடிந்தது! ஆனால், ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு இச்சிறு சொல் சேரும்போது பொருளே மாறிவிடுகிறது.

சென்ற ஆண்டு எங்கள் சாச்சியின் கண் அறுவைச் சிகிச்சை குறித்து மருத்துவமனையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'புட் ஆஃப் பை எ வீக்' என்றிருந்ததைப் படித்த அவருடைய மகன், சிகிச்சை ரத்தாகிவிட்டதாகக் கூறிவிட்டார். பார்வை மங்கிய சாச்சி அன்றிரவு உணவையும் தொடவில்லை. "ரத்தாகவில்லை சாச்சி, ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள்" என்று நான் விளக்கிய பின்னரே அவர் முகம் தெளிந்தது. மறுவாரம் சிகிச்சையும் நல்லபடியாக நடந்தேறியது.

'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைத்தல். 'கால் ஆஃப்' என்றால் ரத்துச் செய்தல். 2020ஆம் ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் பெருந்தொற்றால் 'புட் ஆஃப்' செய்யப்பட்டு 2021இல் நடந்தன. 1944இல் லண்டனில் நடக்கவேண்டியவையோ உலகப் போரால் 'கால் ஆஃப்' செய்யப்பட்டன, நடக்கவே இல்லை.

பயன்படுத்தும்போது இரண்டை மறவாதீர்கள். 'அதை' எனப் பொருள்தரும் 'இட்' நடுவில் வரவேண்டும்: 'புட் இட் ஆஃப்'. பின்னே வினை வந்தால் 'இங்' விகுதி சேரும்: 'புட் ஆஃப் கோயிங்', அதாவது போவதைத் தள்ளிப்போடுதல்.

மருத்துவம், வேலை, விமானப் பயணம் என எத்தனையோ செய்திகள் ஆங்கிலத்திலேயே நம் வீடு தேடி வருகின்றன. ஆகவே, இத்தகைய சொற்களைப் பிரிக்காமல் இணையாகவே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.