மண்ணுள் வைத்த வண்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஒக்லஹோமா மாகாணத்திலே துல்சா என்பதொரு நகரம் உளது. அம்மாகாணம் ஐக்கிய நாடுகளோடு சேர்ந்தது 1907-ஆம் ஆண்டில். அதன் ஐம்பதாம் ஆண்டு விழாவை 1957-இற் கொண்டாடிய துல்சா நகரத்தார், தமக்குப்பின் வருவோர்க்கு யாது வைத்துச் செல்லலாமென்று ஆராய்ந்தனர். பொன்னையும் மணியையும் புதைத்து வைத்தாரைப்பற்றி நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். இந்நகரத்தாரோ புத்தம் புதியதொரு மோட்டார் வண்டியைப் புதைத்தனர். அவ்வண்டியின் வரலாற்றை அண்மையிற் படித்தறிந்த யாம், அது குறித்து எம் உள்ளத்தெழுந்த சில எண்ணங்களை இவ்விதழ் படிக்கும் அன்பர்க்குச் சொல்ல விழைகின்றோம்.

அது பிளிமத் கம்பெனியார் அவ்வாண்டிற் செய்த பெல்வெடியர் என்னும் வகையைச் சார்ந்தது. இரண்டு கதவுகளை உடையது. பொன்னிறமும் வெண்ணிறமும் பூசப்பெற்றது. பின்புறத்தே மீனின் துடுப்புப்போல உயர்ந்த இரு சிறகுகளைக் கொண்டது. நீதிமன்றத்தைச் சார்ந்த புல்வெளியிற் பெருங்குழி தோண்டி, சிமிட்டிக் காரையால் அறையொன்று கட்டினர். அணுகுண்டு வீழினும் தாங்கும் என்று சொல்லப்பட்டது அவ்வறை. துருப்பிடியாதிருக்கும் பொருட்டு வண்டிக்கு மசகு பூசி, உறையாற் சுற்றி, 1957 ஜூன் 15-ஆம் நாள் அதனை உள்ளே இறக்கி, மேலே மூடி மண்ணிட்டனர். ஐம்பது ஆண்டு கழிந்து 2007-இல் திறத்தல்வேண்டும் என்பது ஏற்பாடு.

வண்டியோடு வைத்த பொருள்களைக் கேட்பின் நகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றும். 2007-இற் பெட்ரோல் என்பதே வழக்கொழிந்து போயிருக்குமோ என்று அஞ்சி, பத்துக் காலன் பெட்ரோலும் எஞ்சினுக்கு வேண்டும் எண்ணெயும் வைத்தனர். ஒரு பெட்டி பீரும் வைத்தனர். அக்காலத்துப் பெண்மணி ஒருத்தியின் கைப்பையில் என்னென்ன இருக்கும் என்பதைக் காட்ட, கொண்டையூசி 14, உதட்டுச் சாயம், சூயிங்கம், சிகரெட், தீப்பெட்டி, 2 டாலர் 43 சென்டு பணம் முதலியவற்றை வண்டியின் முன்புறத்துச் சிற்றறையில் இட்டனர். வண்டியைக் கண்டபடி நிறுத்தியதற்கு விதித்த அபராதச் சீட்டொன்றும், பணம் செலுத்தப்படாமலே, அவற்றோடு சென்றது! வரலாற்று நூல்கள் எழுதாது விடும் சிறு செய்திகளை அவர்கள் அன்போடு நினைந்து வைத்தார்கள் என்பதில் ஐயமில்லை.

வண்டி யாரைச் சேர்வது? 2007-இல் துல்சாவின் மக்கட்டொகை எத்துணையாகும் என்று 1957-இலேயே ஊகித்துச் சொன்னவருள், உண்மைத் தொகையை மிக நெருங்கியவர்க்கே வண்டியும், 100 டாலர் இட்டுத் தொடங்கிய சேமிப்புக் கணக்கும் உரியன என்று அறிவித்தனர். உரிய காலத்தில் தொகை 382,457 என்று கொள்ளப்பட்டது. 384,743 என்று எழுதியிருந்த ஒருவர் வென்றார். ஆயின் அவர் 1979-லேயே காலமாகிவிட்டார். அவர்தம் மனைவியாரும் உயிரோடில்லை. பரிசு உறவினரைச் சேர்ந்தது. கணக்கிலிருந்த பணம் 600 டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது. வண்டியைச் செய்த பிளிமத் என்னும் பெயரோ 2001-இலேயே வழக்கொழிந்துவிட்டது. பெட்ரோல் மட்டும் ஒழியவில்லை!

2007 ஜூன் திங்களில் அறையைத் திறந்தபொழுது உள்ளே நான்கடி அளவு நீர் நின்றது. அதற்கு முன்னர் நீர் அறை முழுவதும் நிறைந்திருந்தமைக்கு அடையாளங்கள் இருந்தன. பெருங்கூட்டத்தின் முன்னே உறையை நீக்கினர். பொன்னிறம் காணப்படவில்லை, சேறும் செந்துருவும் மூடிய உருவமொன்று நின்றது. எஞ்சினை ஓட்டிக் காட்டலாம் என்று வந்த பெயர்பெற்ற வண்டித் தொழில் வல்லுநர் பாய்ட் காடிங்டன் என்பாராலும் அஃது இயலவில்லை. குண்டுக்கு அஞ்சிக் கட்டிய அறை, ஓசையின்றிக் கசியும் நீரைத் தடுக்கும் வகையறியாது போயிற்று. இரும்பும் நீரும் காற்றும் கூடிய இடத்திலே துரு பிறக்கும். ஐம்பது ஆண்டு அதற்குப் போதிய காலமன்றோ?

ஈண்டு ஒரு செய்தி எம் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது. வண்டிக்கு அருகே, நன்றாக மூடி அடைக்கப்பட்ட எஃகுக் கலமொன்றும் இருந்தது. அதனுள் வைத்த கொடியும் கடிதங்களும் பிற தாள்களும் கெடாது கிடைத்தன. தாள் பிழைத்தது; இரும்பு அழிந்தது! அறை ஒன்றே, நீரும் ஒன்றே, கலத்தின் மூடி இறுகியிருந்ததே வேற்றுமை. எனினும் இன்னொன்றும் உண்டென்று கருதுகின்றோம். தாள் படிக்கப்படுதற்கென அமைந்தது; காத்திருத்தல் அதற்கு இயல்பு. வண்டியோ ஓடுதற்கென அமைந்தது. 1957-ஆம் ஆண்டில் அதனோடு பிறந்த வண்டிகள் வெயிலிலும் மழையிலும் ஓடின. அவற்றுட் பல அழிந்தன என்பது மெய்யே. ஆயினும் சில, ஆர்வலர் கையில், துடைத்தும் எண்ணெயிட்டும் தேய்ந்த உறுப்பை மாற்றியும் பேணப்பட்டு, இன்றும் சாலையிற் செல்கின்றன. எல்லாவற்றினும் மிகுதியாகக் காக்கப்பட்டதாக எண்ணிய ஒன்று ஓட இயலாது போயிற்று. கட்டடத்தை நம்பி ஐம்பது ஆண்டு ஒருவரும் எட்டிப் பாராமையே அதற்கு நேர்ந்த பெருங்கேடு என்பது எம் துணிபு.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கு இஃது அயலார் கதையாக மட்டும் தோன்றவில்லை. விடுமுறையில் ஊருக்குச் சென்றால், "தம்பி, பழைய நூல்களைக் காக்கத்தான் பெட்டகங்கள் இருக்கின்றனவே, நீ வேறு எதற்கு?" என்று வினவும் பெரியவர் ஒருவர் உளர். இதுகாறும் அவர்க்கு ஏற்ற விடை கிடைக்காது வாளா இருந்தோம். இனிச் சொல்வோம்: "ஐயா, ஓலைச்சுவடி பெட்டகத்தில் இருந்ததனால் மட்டும் நம்மை வந்தடையவில்லை. பழைய ஓலை செல்லரிக்குமுன், யாரோ ஒருவர் விளக்கருகே அமர்ந்து புதிய ஓலையில் அதனைப் படியெடுத்தார். அவர்க்குப்பின் இன்னொருவர் எடுத்தார். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த கண்கள்தாம் அதைக் காத்தன. நாங்கள் வகுப்பில் அமர்ந்து செய்வதும் அதுவே."

துல்சா வண்டி பின்னர் நியூ ஜெர்சி மாகாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆங்கே துருவைப் பொறுமையோடு நீக்கியபின் பழைய நிறம் சிறிது தென்பட்டது. ஆயினும் தகடுகள் மெலிந்துபோனமையின் ஓட்டுதற்கு இயலாதாயிற்று. இறுதியில் அஃது இல்லினாய் மாகாணத்து ராஸ்கோ என்னும் ஊரிலுள்ள காட்சிசாலையை அடைந்தது. அதைக் காணச் செல்வோர் தோல்வியை மட்டும் காண்பாரல்லர். பிறவாத மக்கள்மேல் ஓர் ஊரார் கொண்ட அன்பையும் காண்பர். அவ்வன்பு மெய், அதற்குத் துணையாக நின்றிருக்கவேண்டிய தொடர்ந்த கவனிப்பே இல்லாது போயிற்று.

துல்சா நகரத்தார் மனந்தளராதவர். முதல் வண்டி எந்நிலையில் உளதென்று அறியுமுன்பே, 1998-இற் பிளிமத் பிரௌலர் என்னும் மற்றொரு வண்டியை, இம்முறை நிலத்தின்மேற் கட்டிய அறையில் வைத்து அடைத்தனர். அதனைத் திறக்கக் குறித்த ஆண்டு 2048. அப்பொழுது யாம் நாற்பது வயதைக் கடந்திருப்போம். அதுவரையில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் யாரேனும் ஒருவர் அச்சுவரில் ஈரம் கசிகின்றதா என்று கைவைத்துப் பார்ப்பாராக.