ஆணா, பெண்ணா, பட்டினியா?

கடல் பறவைன்னா தண்ணியில மிதக்கும்னுதானே நினைப்போம்? தண்ணியில உட்காரவே கூடாத கடல் பறவை ஒண்ணு இருக்குங்க. பேரு ஃபிரிகேட் பறவை. பொழப்பு முழுக்கக் கடல் மேலதான். ஆனா இறகுல தண்ணி ஊறிடும், நனைஞ்சா எழும்ப முடியாது. அதனால பறந்துகிட்டே இருக்கும். பெரிய ஃபிரிகேட் பறவை தொடர்ந்து இரண்டு மாசம் வரைக்கும் ஆகாயத்துலயே இருக்கும்னு 2016ல வெளிவந்த ஆய்வு சொல்லுது.

நம்ம கரைப்பக்கம் இது அபூர்வ விருந்தாளி. தென்மேற்குக் காத்து பலமா அடிக்கிறப்ப எப்பவாவது ஒதுங்கும். ஒரு ஆடி மாசம் தனுஷ்கோடி மணல்ல அப்படி ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சு. சுத்தி பத்து பேர். "கடல் பறவைதானே தம்பி, தண்ணியில விட்டுருவோம்"னு மீனவர் ஒருத்தர் தூக்கப் போனார்.

"வேணாண்ணே, இது முங்கிச் செத்துரும்"னு தடுத்தேன். கூட்டத்துல அடுத்த கேள்வி: "ஆணா, பெண்ணா?"

ஆணுக்குத் தொண்டையில சிவப்புப் பை உண்டு. ஆனா ஜோடி சேர்ற காலம் முடிஞ்சா சுருங்கிடும், அதை நம்ப முடியாது. வெள்ளை எங்க இருக்குன்னுதான் பார்க்கணும். பெரிய ஃபிரிகேட் ஆண் முழுக்கக் கறுப்பு. சின்ன ஃபிரிகேட் ஆணுக்கு அக்குள்ல மட்டும் வெள்ளை. கிறிஸ்துமஸ் தீவு ஃபிரிகேட் ஆணுக்கு வயித்துல வெள்ளை.

எங்க முன்னாடி இருந்ததுக்கு நெஞ்சு வெள்ளை, அந்த வெள்ளை அக்குள் வரைக்கும் ஓடுது. தலை, தொண்டை, வயிறு கறுப்பு. கண்ணைச் சுத்தி சிவப்பு வளையம். ஆக, வளர்ந்த சின்ன ஃபிரிகேட், பெண். பெரிய ஃபிரிகேட் பெண்ணா இருந்தா தொண்டை வெளுத்திருக்கும். கிறிஸ்துமஸ் தீவுக்காரியா இருந்தா வயிறும் வெள்ளை. இளசுகள்ல இறகை வச்சு ஆண் பெண் சொல்றது கஷ்டம்.

இது வெறும் பெயர்ப்பொருத்தம் இல்லீங்க. ஃபிரிகேட் குடும்பத்துல அப்பா சீக்கிரம் கழண்டுக்குவார். குஞ்சுக்கு மாசக்கணக்குல இரை கொண்டுவர்றது பெரும்பாலும் அம்மாதான். வளர்ந்த பெண் ஒண்ணு போனா, நஷ்டம் அதோட நிக்காது.

அடுத்தது, உடம்பு எப்படி? வனத்துறைக்குப் போன் போட்டுட்டு, அவங்க சொன்னபடி துண்டு போத்திப் பிடிச்சோம் (கொக்கி அலகு, ஜாக்கிரதை!). நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தினா பட்டினி. இதுக்கு ரெண்டு பக்கமும் சதை இருந்துச்சு. றெக்கை தொங்கலை, ரத்தம் இல்லை, கண்ணு பளிச். அப்புறம் ஏன் பறக்கலை? காலு குட்டை, றெக்கையோ விரிச்சா ஆறடிக்குக் கிட்ட. சமதரையில இருந்து எழும்புறது கஷ்டம்.

கரையேத்தி வச்சிருந்த நாட்டுப்படகோட அணியத்துல, காத்தைப் பார்த்தாப்புல வச்சோம். அரை மணி நேரம் அசையலை. அப்புறம் றெக்கையை விரிச்சுது, அவ்வளவுதான், காத்து தூக்கிட்டுப் போயிருச்சு!

நீங்க பார்த்தாலும் தண்ணியில மட்டும் விட்டுடாதீங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. பெட்டியில நிழலா வச்சு வனத்துறையைக் கூப்பிடுங்க. காத்திருக்கிற நேரத்துல தொண்டை, நெஞ்சு, வயிறு மூணையும் படம் எடுத்து வைங்க. ஆணா பெண்ணான்னு அப்புறம் பொறுமையா பேசிக்கலாம்.