கற்பிட்டிக் காற்றும் ஒரு கைப்பம்பும்



கற்பிட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிலருக்குக் கருவாடு. சிலருக்கு 1676இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த கோட்டை. 1990 ஒக்டோபரில் மன்னாரை விட்டுக் கடல் வழியாக வந்து இறங்கிய நமது குடும்பங்களுக்கோ, அது அடைக்கலம் தந்த கரை. எனக்கு இனிமேல் கற்பிட்டி என்றால் ஒரு கைப்பம்பும் ஞாபகம் வரும். பம்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போனாய் என்று சிரிக்காதீர்கள். நான் போனது சாச்சியைப் பார்க்கத்தான். பம்பைக் காட்டித் தந்தவரும் அவர்தான்.

கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வந்தால், புத்தளத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாலாவிச் சந்தி. அதில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. முதலில் உப்பளங்கள். வெயிலில் கண் கூசும். அப்பால் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி உயர்ந்து நிற்கும். மாம்புரிப் பக்கம் காற்றாலைகளின் வெள்ளைச் சிறகுகள் சுழலும். இடையிடையே மணல் காணிகளில் மிளகாய், வெங்காயம், பீட்ரூட். பஸ் போகப் போக நிலம் ஒடுங்கி, ஒரு பக்கம் பெருங்கடலும் மறு பக்கம் களப்புமாகத் தெரியும்.

அந்த ஒடுங்கிய நிலத்துக்குச் சொந்தக்காரன் காற்றுத்தான். 1344இல் மாலைதீவிலிருந்து தென்னிந்தியக் கரைக்கென்று புறப்பட்ட இப்னு பதூதா, வழி மாறி வந்து இறங்கியது இந்தப் புத்தளப் பகுதியில்தானே. மே முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக் காற்று. முன்பெல்லாம் சோளகம் பிறந்தால் மீனவர் வீடுகளில் கவலை பிறக்கும். இன்று அதே காற்றைத் தேடி உலகின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிறவர்கள்

நான் போனது ஜூலை மாதம். அஸர் தொழுதுவிட்டுச் சாச்சியோடு களப்பு ஓரம் போனேன். வானத்தில் இருபது, முப்பது பட்டங்கள். நம் பிள்ளைகள் விடுகிற கடதாசிப் பட்டம் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் அறையின் கூரை அளவு. காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு பட்டி, கையில் ஒரு தடி. அந்தத் தடியிலிருந்து இருபது மீற்றருக்கு மேல் நீண்டு போகும் கயிறுகளின் முனையில் பட்டம். அது இழுக்க, ஆள் தண்ணீரின் மேல் சறுக்கிக்கொண்டு ஓடுகிறார். இதற்குக் கைட் சேர்ஃபிங் என்று பெயர். ஊர்ப் பிள்ளைகள் சுருக்கமாகக் கைட் என்பார்கள்.

சாதாரணப் பட்டம் தண்ணீரில் விழுந்தால் நனைந்து கிடக்கும், மீண்டும் எழும்பாது. பிரான்சின் பிரித்தானி கரையைச் சேர்ந்த லெகெஞோ சகோதரர்கள் இருவர் 1984இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார்கள். பட்டத்தின் முன் விளிம்பில் ஒரு நீளக் குழாய். குறுக்கே விலா எலும்பு போலச் சிறு குழாய்கள். அவற்றுக்குள் காற்றை அடைத்துவிட்டால் பட்டம் வளைந்த உருவத்தோடு விறைப்பாக நிற்கும். கடலில் விழுந்தாலும் மிதக்கும், மீண்டும் எழும்பும்.

அந்தக் காற்றை அடைப்பது எது? கரையில் நிற்கும் ஒரு கைப்பம்பு. சைக்கிள் பம்பை விடப் பருத்தது, முழங்காலுக்கு மேல் உயரமானது. அடியில் இருக்கும் தட்டில் இரண்டு காலையும் வைத்து மிதித்துக்கொண்டு, கைபிடியை இழுத்து இழுத்து அமுக்க வேண்டும். பெரிய பட்டமென்றால் நூறு தடவைக்கு மேலும் போகும். அடிக்கும்போது பட்டம் பறந்துவிடாதபடி, பம்பில் உள்ள ஒரு சிறு கயிற்றைப் பட்டத்தில் கொளுவி வைப்பார்கள். சதுர அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு இறாத்தல் அழுத்தம் ஏறினால்தான் பட்டம் சரியாக விறைக்கும்.

காற்றுக் குறைந்தால் என்ன நடக்கும்? கரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நடுக் களப்பில் பலமாக ஒரு காற்று அடிக்கும்போதுதான் முன் விளிம்பு மடியும். உருவம் குலைந்த பட்டம் விழுந்தால் எழும்புவது கஷ்டம். கயிறுகளின் நடுவே ஆள் தண்ணீரில் தனித்துப் போவார்.

சாச்சி வீட்டில் நடந்தது

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாச்சியின் இளைய மகன் இந்தக் கைட் முகாம்களில் ஐந்து வருடமாக வேலை செய்கிறான். பட்டம் விரிப்பது, காற்றடிப்பது, கயிறு பிடிப்பது, மாலையில் எல்லாவற்றையும் கழுவி வைப்பது அவன் பொறுப்பு.

ஒரு சோளகப் பருவத்தில், அவன் காற்றடித்துக் கொடுத்த பட்டம் ஒன்று நடுக் களப்பில் மடிந்து விழுந்துவிட்டது. படகு போய் அந்த விருந்தாளியைக் கூட்டி வந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், காயம் இல்லை. ஆனால் பழி தம்பியின் தலையில் விழுந்தது. பட்டத்தைத் திருத்திய செலவு என்று அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பெரும் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

அவன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தானாம். "நான் வழமை போலத்தான் உம்மா அடிச்சேன். கை நோக நோக அடிச்சேன்."

சாச்சி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்தப் பம்பைக் கேட்டு வாங்கிவரச் சொல்லி, முற்றத்தில் பாய் விரித்து, மேல் மூடியைத் திருகிக் கழற்றித் தண்டை வெளியே இழுத்திருக்கிறார். தண்டின் முனையில் உள்ள றப்பர் வளையம் ஒரு பக்கம் தேய்ந்து, வெட்டு வெட்டாகக் கிடந்தது. உருளையின் உட்சுவரில் மணல் கீறிய கோடுகள். இறுகவேண்டிய இடத்தால் காற்று திரும்பிப் போயிருக்கிறது. அவன் அடித்ததில் எவ்வளவு பட்டத்துக்குள் போனது, எவ்வளவு வெளியே போனது என்று யாருக்குத் தெரியும்?

"சம்பளத்த வெட்டினது நியாயமில்ல மகன்," என்றாராம் சாச்சி. "ஆனா பம்ப மணல்ல போட்டது யாரு?"

அவன் தலை குனிந்தானாம். ஒவ்வொரு நாளும் அவசரத்தில் அவன்தான் பம்பை ஈர மணலில் சரித்துவிட்டுக் கயிறு பிடிக்க ஓடியிருக்கிறான்.

சாச்சிக்குப் பம்பு புதிதல்ல. சாச்சா இரவில் வலைக்குப் போன காலத்தில் பெற்றோமக்ஸ் விளக்குக்குக் காற்றடிக்கும் சிறு பம்பைத் துடைத்து, அதன் தோல் வாசருக்கு எண்ணெய் பூசி வைத்ததே அவர்தான். அந்தக் கைப்பழக்கம் இப்போது உதவியது. அவருடைய வேலையைப் பார்த்துவிட்டு வேறு முகாம்களின் பிள்ளைகளும் பம்புகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒரு பம்புக்கு ஒரு சிறு தொகை வாங்குகிறார். 2022இன் நெருக்கடி நாட்களில், வெளிநாட்டிலிருந்து புதுப் பம்பு எடுப்பது பெரும்பாடாக இருந்தபோது, சாச்சியின் முற்றத்துக்கு மவுசு இன்னும் கூடிப்போனது.

பம்பைப் பராமரிப்பது எப்படி?

நான் பக்கத்தில் இருந்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். சைக்கிள் பம்பு, பிள்ளைகளின் பந்துக்கும் காற்று மெத்தைக்கும் அடிக்கும் பம்பு உங்கள் வீட்டில் இருந்தால், இவற்றில் பல அதற்கும் பொருந்தும்.

முதலாவது, கழுவுமுன் கைபிடியை ஒரு தடவையேனும் இழுக்கக் கூடாது. தண்டில் ஒட்டிய மணல் உள்ளே போய்விடும். கைபிடி உள்ளே அமுங்கியபடி இருக்க, வெளிப்புறம் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். மூடியின் விளிம்பையும் கைபிடியின் அடியையும் ஒரு பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம்.

பிறகு மூடியைத் திருகித் திறந்து தண்டை நேராக இழுத்தெடுக்க வேண்டும். உருளையின் உட்பக்கத்தை மெல்லிய பழைய துணியால் துடைக்க வேண்டும். சாச்சி சாரத் துணியைக் கிழித்து வைத்திருக்கிறார். உரஞ்சும் கம்பி, சவர்க்காரத் தூள் ஒன்றும் ஆகாது. அவை புதிதாகக் கீறல் போடும். பிசுக்கு இருந்தால் கொஞ்சம் மென்மையான சவர்க்கார நீர் போதும்.

றப்பர் வளையத்தை நகத்தால் கிளப்பக் கூடாது. இரண்டு விரலால் ஒரு பக்கம் தள்ளினால் தானே எழும்பும். அதன் பள்ளத்தில்தான் உப்பும் மணலும் குடியிருக்கும். துடைத்துவிட்டு வளையத்தைப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஹார்ட்வெயார் கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். சுற்றளவு மட்டுமல்ல, தடிப்பும் ஒத்துவர வேண்டும். வெடிக்காமல் கொஞ்சம் தளர்ந்துதான் போயிருக்கிறது என்றால், வளையத்துக்கு அடியில், பள்ளத்தில், தண்ணீர்க் குழாய் பொருத்துவோர் பாவிக்கும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் அது எழும்பி இறுகும்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் சாச்சியும் முதலில் பிழைவிட்டார். பெற்றோமக்ஸ் ஞாபகத்தில் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டார். இரண்டு நாள் பம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் மணல் எல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டிப் பசையாகிவிட்டது. தோல் வாசர் எண்ணெய் குடித்து மிருதுவாகும். றப்பர் வளையத்தின் குணம் வேறு. தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், சில றப்பர்களை அது ஊதிப் பழுதாக்கிவிடும். மண்ணெண்ணெயை நினைக்கவே வேண்டாம். சுழியோடிகளும் தண்ணீர்க் குழாய் திருத்துபவர்களும் பாவிக்கும் சிலிக்கன் கிறீஸ்தான் இதற்கு மருந்து. அதுவும் ஒரு பயற்றம் மணி அளவு. விரலால் வளையத்தைச் சுற்றி மெலிதாகத் தடவினால் போதும்.

நீண்ட குழாயின் இரு முனைகளும் கீழே தொங்கும்படி கொடியில் போட்டு நிழலில் காயவிட வேண்டும். உள்ளே ஈரமோ மணலோ தங்கினால் அடுத்த தடவை அது பட்டத்துக்குள்தான் போகும். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் மொரமொரத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே பூட்ட வேண்டும். மூடியை அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் மரை அறுந்துபோகும். பட்டத்தைக் கொளுவும் சிறு கயிறு பிய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. குழாயின் முனையை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு கைபிடியை அமுக்குங்கள். அது எதிர்த்து நின்றால் பம்பு சுகம். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ காற்றுப் போகிறது. வளையம், மூடி, குழாய்ப் பொருத்து என்று ஒவ்வொன்றாகச் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு பேசின் தண்ணீர்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணல் நிலத்தின் கிணற்று நீர்தான் அந்த ஊரின் உயிர். களப்பை அண்டிய சில கிணறுகளில் உப்புக் கரிக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பம்பு கழுவக் குழாயைத் திறந்துவிட மனம் வருமா?

சாச்சி இரண்டு பேசின் வைத்திருக்கிறார். ஒன்றில் நேற்றுக் கடைசியாக அலசிய நீர், மற்றதில் புதுத் தண்ணீர். முதல் கழுவல் பழைய நீரில், கடைசி அலசல் புதியதில். அந்தப் புதியது நாளைக்குப் பழையதாகும். உப்பேறிய மிச்சத்தை மரத்தடியில் ஊற்றாமல் வாசலுக்கு அப்பால் வெறும் மணலில் ஊற்றுகிறார். ஓடுகிற ஆற்றோரம் இருந்து வுழூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்ற சமூகமல்லவா நாம்? அந்தப் பாடத்தை நான் பள்ளியில் கேட்டிருக்கிறேன், சாச்சியின் முற்றத்தில் கண்டேன்.

"அரைகுறையாக் குடுக்கிறதுக்கு மனம் வராது மகள்," என்றார் பம்பைப் பூட்டிக்கொண்டே. "இத நம்பி ஒருத்தர் கடலுக்குப் போறார். அவருக்கு என்னத் தெரியாது. எனக்கும் அவரத் தெரியாது. ஆனா இது அமானிதம்."

வெட்டிய சம்பளம் திரும்பி வரவில்லை. தம்பி இப்போது வேறோர் இடத்தில் வேலை செய்கிறான். பம்பை மணலில் வைப்பதில்லை. காலடியில் ஒரு சாக்கை விரித்து, கைபிடியை அமுக்கி மூடி, அதன் மேல்தான் வைக்கிறான்.

நான் புறப்படும் முந்திய மாலை அவனை வேலையில் பார்த்தேன். சாச்சியும் நானும் தள்ளி, தாழைப் புதரோரம் நின்றோம். அவன் அடித்து முடித்து, குழாயைக் கழற்றி வால்வை மூடினான். பிறகு பட்டத்தின் முன் விளிம்பை விரலால் ஒரு சுண்டுச் சுண்டினான். காற்று நிறைந்த பட்டம் மத்தளம் போல டங்கென்று ஒலிக்கும், குறைந்தது பொத்தென்று அடங்கும். சாச்சி பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"டங்."

"சரி, வாங்க மகள்," என்றார். "மஃரிபுக்கு நேரமாகுது."