லிமரிக்கில் ஒரு செவ்வாய்க்கிழமை



உங்கள் வீட்டிலும் றக்பிப் பந்தோடு அலையும் பிள்ளை ஒன்று இருக்கலாம். கண்டிப் பக்கத்து வீடுகள் என்றால் கேட்கவே வேண்டாம். சேறு படிந்த உடுப்பைக் கழுவிக் கழுவிக் கை சலித்துப்போய், "இந்த முட்டைப் பந்தில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

அயர்லாந்தின் மேற்கே, ஷனன் நதி அகன்று கடலை நோக்கி விரியத் தொடங்கும் இடத்தில் லிமரிக் நகரம் இருக்கிறது. நதியின் ஒரு கரையில் ஜோன் மன்னரின் பெயரால் வழங்கும் பழைய கோட்டை. பாலத்தைக் கடந்து மறுகரைக்குப் போனால், உயர்ந்த பீடமொன்றின் மேல் கரடுமுரடான கல் ஒன்றைக் காண்பீர்கள். 1691ஆம் ஆண்டு, நீண்ட முற்றுகையின் முடிவில் செய்யப்பட்ட உடன்படிக்கை இந்தக் கல்லின் மேல் வைத்துத்தான் ஒப்பமிடப்பட்டது என்பது ஊர் வழக்கு. அதில் கத்தோலிக்க மக்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் காப்பாற்றப்படவில்லை. மீறப்பட்ட வாக்குக்குச் சாட்சியாக ஒரு கல்லையே பீடத்தில் ஏற்றி வைத்திருக்கும் ஊர் எதையும் இலேசில் மறந்துவிடுமா?

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் தொமண்ட் பார்க் மைதானம் இருக்கிறது. அயர்லாந்தின் மற்ற நகரங்களில் றக்பி என்பது பெரும்பாலும் கட்டணப் பாடசாலையில் படித்தவர்களின் விளையாட்டு. லிமரிக்கில் அப்படியல்ல. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் வைத்தியரும் ஒரே அணியில் தோளோடு தோள் சேர்ந்து ஆடுவார்கள். இந்த மைதானத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கம்பங்களை நோக்கிப் பந்தை உதைக்க ஒருவர் ஆயத்தமானதும் அரங்கம் முழுவதும் அப்படியே அமைதியாகிவிடும். உதைப்பவர் எதிரணிக்காரர் என்றாலும் அப்படித்தான். நம் ஊர் மைதானங்களில் இதை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

இனி 1978ஆம் ஆண்டுக்கு வருவோம். கறுப்பு உடையணிந்த நியூஸிலாந்து அணி, "ஒல் பிளாக்ஸ்" என்று உலகம் அழைக்கும் அணி, கிரஹம் மூரியின் தலைமையில் சுற்றுப்பயணம் வந்தது. அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து ஆகிய நான்கு தேசிய அணிகளையும் ஒரே பயணத்தில் வென்ற முதல் நியூஸிலாந்து அணி இதுதான். அந்தப் பயணத்தில் ஆடிய பதினெட்டு ஆட்டங்களில் அவர்கள் தோற்றது ஒன்றே ஒன்றில்.

அவர்களைத் தோற்கடித்தது ஒரு நாடு அல்ல, மன்ஸ்டர் என்ற மாகாணம். அயர்லாந்தின் நான்கு மாகாணங்களில் ஒன்று. அன்று றக்பி ஆடியவர் எவருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. 1905இல் இதே லிமரிக் நகரில் நியூஸிலாந்திடம் மன்ஸ்டர் 33-0 என்று தோற்றிருந்தது. 1973இல் கோர்க் நகரில் 3-3 என்று சமநிலை கண்டதுதான் ஒரே ஆறுதல். 1978 செப்டெம்பரில் பயிற்றுவிப்பாளர் டொம் கீர்னன் அணியைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே ஓர் ஆட்டத்திலும் வெற்றியில்லை.

ஒக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை. மைதானத்தில் சுமார் 12,000 பேர். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் நியூஸிலாந்தின் ஸ்டூ வில்சன் பந்தோடு பாய்ந்து வந்தார். உருவத்தில் சிறியவரான ஷேமஸ் டெனிசன் அவரை அடித்து வீழ்த்தினார். அடித்தவருக்கும் பலமான அடிதான். ஆனால் அவர் எழுந்து நின்றதைப் பார்த்த பின்னர் மன்ஸ்டரில் எவருக்கும் பயமில்லை. பின்னர் கிறிஸ்டி கன்டிலன் கோட்டைக் கடந்து பந்தை வைத்தார். அக்காலக் கணக்கில் அதற்கு நான்கு புள்ளிகள். மீதி எட்டுப் புள்ளிகளும் டோனி வோர்டின் காலிலிருந்து வந்தவை. 12-0. நியூஸிலாந்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

ஊர் கொண்டாடத் தொடங்கிய அந்த நேரத்தில் மன்ஸ்டர் அணித் தலைவர் டோனல் கனிஃபுக்கு ஒரு செய்தி வந்தது. கோர்க் நகரில் வானொலியில் இந்த ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய தந்தை, மாரடைப்பால் காலமாகிவிட்டார். வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியும் வாப்பாவின் இழப்பும் ஒரே மாலையில் ஒரு மனிதனின் மேல் வந்து இறங்கின. லிமரிக் மக்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்கிறார்கள்; இதை விட்டுவிட்டு 12-0 என்று மட்டும் சொல்வது அவர்களுக்குச் சரியாகப்படுவதில்லை. எனக்கும் அது பிடித்திருக்கிறது.

தொலைக்காட்சியில் அன்று நேரடி ஒளிபரப்பு இருக்கவில்லை. ஆகவே கதை வாய்க்கு வாய் வளர்ந்தது. அன்று அங்கே இருந்ததாகச் சொல்பவர்களை எண்ணினால் ஓர் இலட்சம் பேர் தேறுவார்கள் என்று அவர்களே கேலி செய்வதுண்டு. ஆசிரியனான எனக்கு இது புதிதல்ல: அடைமழை நாளில் பத்துப் பிள்ளைகள்தான் வகுப்புக்கு வந்திருப்பார்கள், பின்னர் கேட்டால் நாற்பது பேரும் வந்ததாகச் சொல்வார்கள். அந்த ஆட்டத்தை வைத்து ஜோன் பிரீன் ஒரு மேடை நாடகம் எழுதினார். இரண்டு அணிகள், பார்வையாளர்கள் என அத்தனை பேரையும் ஆறே நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள்.

2008 நவம்பரில், புதுப்பிக்கப்பட்ட அதே மைதானத்துக்கு நியூஸிலாந்து மீண்டும் வந்தது. தேசிய அணிக்குப் போய்விட்ட முன்னணி வீரர்கள் இல்லாமலே மன்ஸ்டர் ஆடியது. ஆட்டத்துக்கு முன் நியூஸிலாந்தர் ஆடும் மாவோரி மக்களின் "ஹாக்கா" நடனத்தை, மன்ஸ்டரில் ஆடிய நியூஸிலாந்துக்காரர் நால்வர் அவர்கள் முன்னாலேயே ஆடிக் காட்டினர். கடைசி நிமிடங்கள் வரை முன்னிலையில் இருந்து, 18-16 என்று மன்ஸ்டர் தோற்றது.

இன்னொரு குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1978இல் ஆடிய பிரெண்டன் ஃபோலியின் மகன் அன்டனி, ஆட்டத்துக்கு முதல் நாள்தான் ஐந்து வயதை நிறைவு செய்திருந்தான். வளர்ந்து மன்ஸ்டரின் தலைவனாகி, 2006இல் ஐரோப்பியக் கிண்ணத்தை முதன்முறையாக அந்த மாகாணத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பின்னர் மன்ஸ்டரின் பயிற்றுவிப்பாளரானார். 2016 ஒக்டோபர் 16ஆம் திகதி, ஓர் ஆட்டத்துக்காக அணியோடு பாரிஸ் சென்றிருந்தபோது, ஹோட்டல் அறையில் உறக்கத்திலேயே அவரது உயிர் பிரிந்தது. வயது 42. முன்பு மகன் ஆடும்போது தந்தை போனார். இப்போது தந்தை இருக்கும்போதே மகன் போனார்.

மன்ஸ்டர் மாகாணம் 1978இல் செய்ததை அயர்லாந்தின் தேசிய அணி அதுவரை ஒருமுறையேனும் செய்ததில்லை. 2016 நவம்பர் 5ஆம் திகதி, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் அது மீண்டும் நியூஸிலாந்தைச் சந்தித்தது. எதிரணி ஹாக்கா ஆடத் தொடங்கியதும், அயர்லாந்து வீரர்கள் வரிசையைக் கலைத்து 8 என்ற இலக்கத்தின் வடிவில் போய் நின்றார்கள். அன்டனி ஃபோலியின் சட்டை இலக்கம் அது. அன்று அயர்லாந்து 40-29 என்று வென்றது.