ஈரத்தை மேலே வையுங்கள்



ஒரு தலைமுறைக்கு முன் பெருந்துறைப் பகுதி முஸ்லிம் வீடுகளில் பிழைப்பு என்றால் ஜவுளி, கடை, லாரித் தொழில், சிப்காட் ஆலை வேலை என்று இருந்தது. இன்று உயிரித் தொழில்நுட்பமும் மருந்தியலும் படித்த நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சென்று, மருந்து, தடுப்பூசி நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றுகின்றனர். அல்ஹம்துலில்லாஹ்.

பிள்ளை பணியில் சேரும்போது பெற்றோர் என்னிடம் சில கேள்விகள் கேட்பதுண்டு. ஜும்ஆவுக்கு அனுமதி கிடைக்குமா? தாடி வைக்க விடுவார்களா? மருந்தில் சேரும் ஜெலட்டினுக்கு மார்க்கச் சட்டம் என்ன? இவை தேவையான கேள்விகளே. ஹலாலான சம்பாத்தியத்தைச் சேர்ந்த மற்றொரு கேள்வியும் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு தவறு நேர்ந்தால், கீழே இருப்பவர் அதை மேலே இருப்பவரிடம் அச்சமின்றிச் சொல்ல முடியுமா?

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் இக்கேள்வியோடுதான் வந்தார். அவர் பணியாற்றுவது வேகமாக வளரும் நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில். "ஹஜ்ரத், சோதனை முடிவு வரம்புக்கு வெளியே போனால், காரணம் தேடாமல் மறுபடியும் செய்யச் சொல்கிறார்கள். சரியான எண் வரும்வரை செய்கிறோம். முதலில் வந்த எண்ணை எழுத வேண்டாம் என்கிறார்கள். நான் எழுதுவதும் உண்மையாக வந்த எண்தானே, இது பொய்யாகுமா?" என்று கேட்டார். அவருடைய தங்கைக்கு நிகாஹ் பேசியிருக்கிறார்கள். வீட்டில் நிலையான வருமானம் அவருடையது மட்டுமே.

அவருக்கு நான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கடைத்தெரு நிகழ்ச்சியை நினைவூட்டினேன். ஒரு வியாபாரியின் தானியக் குவியலுக்குள் அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். தானியம் நனைந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. நனைந்ததைக் காய்ந்ததற்குக் கீழே வைத்ததுதான் குற்றமாயிற்று. மேலே இருந்த தானியமும் உண்மையான தானியம்தான். மாணவர் எழுதிய எண்ணும் அப்படிப்பட்டதே.

பெருந்துறையில் நடக்கும் கொப்பரை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாங்க வருபவர் கையில் எடுத்து, ஒடித்து, முகர்ந்து பார்த்துத் தரம் அறிவார். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி ஊசி மருந்தை எப்படிச் சோதிப்பார்? ஆய்வுக்கூடத்தில் யாரோ ஒருவர் இட்ட கையெழுத்தை நம்பியே அவர் கையை நீட்டுகிறார். அந்தக் கையெழுத்து ஓர் அமானிதம், ஒரு ஷஹாதத்.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய படிப்பினை உண்டு. ரான்பாக்ஸி இந்தியாவின் முன்னணி மருந்து நிறுவனமாக விளங்கியது. அமெரிக்கச் சந்தையில் அது விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. காப்புரிமையை எதிர்த்து முதலில் விண்ணப்பிக்கும் பொதுவகை மருந்து நிறுவனத்துக்கு அங்கே 180 நாள் தனி விற்பனை உரிமை கிடைக்கலாம். அந்த நாட்களின் வருமானம் மிகப் பெரியது. ஆகவே, அத்தொழிலில் ஒவ்வொரு நாளும் பந்தயம்தான். 2004 இல் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் ராஜிந்தர் குமார், தம் கீழ்ப் பணியாற்றிய தினேஷ் தாக்கூரிடம் மருந்துகளின் சோதனைத் தரவுகளைச் சரிபார்க்கச் சொன்னார். பல நாடுகளுக்கு அளிக்கப்பட்ட தரவுகளில் புனையப்பட்டவை இருப்பது தெரியவந்தது. குமார் அதை இயக்குநர் குழுவினரின் முன் வைத்தார். பின்னர்ப் பதவி விலகினார். 2005 இல் தாக்கூரும் விலகி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் புனைபெயரில் எழுதினார். 2013 மே மாதத்தில் ரான்பாக்ஸியின் அமெரிக்கப் பிரிவு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நிறுவனம் செலுத்த வேண்டியிருந்த தொகை 50 கோடி டாலர்.

அத்தனை தரவுகளையும் ஒரே மனிதர் புனைந்திருக்க முடியாது. எண்ணை எழுதியவர், சரிபார்த்தவர், கையெழுத்திட்டவர் எனப் பலர் இருந்திருப்பார்கள். எல்லாரும் செய்வதைத்தானே செய்கிறோம் என்று அவர்களில் பலர் எண்ணியிருக்கலாம்.

அமெரிக்காவிலும் இதே நோய் காணப்பட்டது. 2003 இல் தொடங்கிய தெரனோஸ், விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் பல சோதனைகளைச் செய்வதாகச் சொல்லி, 900 கோடி டாலர் மதிப்பை எட்டியது. அங்கே ஒரு பிரிவினர் செய்வதை அடுத்த பிரிவினர் அறியாதபடி வைத்திருந்தனர். டைலர் ஷுல்ட்ஸ் என்ற இளம் ஊழியர் சோதனைகளின் குறையை நிறுவனரிடம் எழுதித் தெரிவித்தார். வந்த பதிலோ ஏச்சு. இயக்குநர் குழுவில் இருந்தவர் அவருடைய சொந்தப் பாட்டனார், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ். அவரும் முதலில் பேரனை நம்பவில்லை. ஆயினும் அந்த இளைஞர் பின்வாங்கவில்லை. 2018 இல் நிறுவனம் கலைந்தது. 2022 இல் நிறுவனருக்குப் பதினோராண்டுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்நிஸா அத்தியாயத்தின் 135 ஆவது வசனம், தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதியில் நிலைத்துச் சாட்சி சொல்லுமாறு முஃமின்களைப் பணிக்கிறது. இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்த வசனமே நினைவில் நின்றது.

மாணவரிடம் நான் சொன்னவை எளியவை. வந்த முதல் எண்ணை அன்றைக்கே, தேதியோடு எழுதிவிடுங்கள். கண்ணால் காணாததற்குக் கையெழுத்திடாதீர்கள். மேலாளரிடம் அதபோடு, எழுத்தில் தெரிவியுங்கள். அவர் கேட்காவிட்டால் தர உறுதிப் பிரிவுக்கு எழுதுங்கள். ஆதாரம் இல்லாமல் எவர்மீதும் பழி சொல்லாதீர்கள். அதற்கும் வழியில்லை என்றால் ரிஸ்க் தருபவன் அல்லாஹ் என்ற உறுதியோடு வேறிடம் தேடுங்கள்.

அவர் எழுதினார், பதில் கடுமையாக வந்தது. இப்போது வேறு வேலை தேடுகிறார், இன்னும் அமையவில்லை. அவருடைய அத்தா பள்ளிவாசல் முற்றத்தில் என்னிடம், "எல்லாரும் செய்யறதைத்தானே ஹஜ்ரத் இவனும் செஞ்சான். இவனுக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை?" என்று வருந்தினார். அவருடைய வேதனை நியாயமானது. "அந்த மருந்து நம் வீட்டுப் பிள்ளைக்கே ஏற்றப்பட்டால் எந்த எண்ணை நம்புவீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "துஆச் செய்யுங்க" என்றார்.

பெற்றோரே, வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் சம்பள உயர்வைக் கேட்கும் அதே நாவால், "உண்மையைச் சொல்ல அங்கே இடமிருக்கிறதா?" என்றும் கேளுங்கள். வேலையை விட்டு வந்தாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அந்தத் தைரியத்தை அவருக்கு வேறு யார் தருவது?

தொழில் நடத்தும் சகோதரர்களே, நெசவுக் கூடமோ உணவகமோ, உங்கள் பணியாளர் பழுதை உங்களிடம் கொண்டுவரும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது? அடுத்த பழுது உங்கள் காதுக்கு வருமா, குவியலுக்கு அடியில் போகுமா என்பதை அந்த முகமே தீர்மானிக்கிறது. நிறுவனம் வேகமாக வளரும்போது முதலாளிக்கும் கடைசிப் பணியாளருக்கும் இடையே படிகள் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஈரம் மறைக்கப்பட்டால், மேலே வருவது காய்ந்த தானியமாகத்தான் இருக்கும்.

நம் கைகள் இடும் ஒவ்வொரு கையெழுத்தையும் மறுமையில் நமக்குச் சாதகமான சாட்சியாக அல்லாஹ் ஆக்குவானாக. உண்மை சொன்னதற்காக வருமானம் இழந்து நிற்பவர்களுக்கு அதனினும் சிறந்த ஹலாலான வழியைத் திறப்பானாக. ஆமீன்.