சாட்சியா, வேடிக்கையா?

தெருவில் சண்டை மூண்டால் கூட்டம் கூடுகிறது. காவலர்கள் யாரையேனும் பிடித்து வண்டியில் ஏற்றினால், அவசர வேலையாய்ச் செல்பவரும் ஒரு கணம் நின்று பார்க்கிறார். இந்த ஆவல் மனித இயல்பு. அதற்காக எவரையும் பழிப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆவலையே முதலாக்கி வாணிகம் செய்யும் தொழில் ஒன்று அமெரிக்க நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வந்திருக்கிறது. காவலர்களுடன் காமிராவும் சென்று, அவர்கள் துரத்துவதையும் பிடிப்பதையும் உள்ளபடியே காட்டுவதாகச் சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையே குறிப்பிடுகிறோம். இவற்றுள் சிலவற்றை நாமும் பார்த்தோம். பார்த்தபோது எழுந்த சிந்தனைகளை வாசகர்முன் வைக்க விழைகிறோம்.

இவற்றுள் புகழ் பெற்றது 'காப்ஸ்' என்னும் நிகழ்ச்சி. ஜான் லாங்லி, மால்கம் பார்பர் என்னும் இருவர் உருவாக்கிய இது, 1989 மார்ச் 11-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டில் அந்நாட்டுத் தொலைக்காட்சி, திரைப்பட எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். கதையாசிரியரும் நடிகரும் தேவைப்படாத நிகழ்ச்சி அப்போது நல்வாய்ப்பாக அமைந்தது. செலவும் குறைவு.

மக்கள் இதனை ஏன் விரும்பினர்? முதலாவது, இது நடிப்பன்று, உண்மை என்னும் நம்பிக்கை. இரண்டாவது, காவலரின் ஆபத்தும் பொறுமையும் நிறைந்த பணியை அருகிருந்து காணும் வாய்ப்பு. இது நியாயமான விருப்பமே. மூன்றாவது, குழப்பத்தில் தொடங்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் பெரும்பாலும் கைவிலங்கில் முடிவதால், உலகம் ஒழுங்காக இருக்கிறது என்னும் ஆறுதல். நான்காவது ஒன்றும் உண்டு. அதனை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. சட்டையின்றித் தள்ளாடி நிற்கும் அந்த மனிதன் 'நானல்லன்' என்னும் இரகசிய மகிழ்ச்சியே அது.

நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வரும்: நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை அனைவரும் குற்றமற்றவர்களே என்பது அதன் கருத்து. நல்ல அறிவிப்புத்தான். ஆனால் அந்த நீதிமன்றத்துக்குக் காமிரா செல்வதில்லை. பிடிபட்டவன் விடுதலையானானா, வழக்கே இல்லாமற் போயிற்றா என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஒளிபரப்புமுன் படத்தைப் பார்வையிடும் வாய்ப்பும் காவல் துறையினருக்கு இருந்தது. பிடிபட்டவனுக்கோ முகத்தைக் காட்டச் சம்மதித்துக் கையொப்பமிடுவதா, வேண்டாமா என்பது மட்டுமே. குடிமயக்கத்திலோ அச்சத்திலோ இருப்பவன் அளிக்கும் சம்மதம் எத்தகைய சம்மதம்? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். இங்கே காண்பது உண்டு, விசாரிப்பது இல்லை.

அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதனையொத்த ஒரு வழக்கைச் சந்தித்தது. 1992-இல் மேரிலாந்து மாநிலத்தில் ஒருவரைத் தேடி அவருடைய பெற்றோரின் வீட்டுக்குள் விடியற்காலையில் நுழைந்த காவலர்கள், செய்தியாளரையும் புகைப்படக்காரரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தனர். இரவு உடையில் இருந்த பெற்றோர் படமெடுக்கப்பட்டனர். தேடப்பட்ட மகன் அங்கே இல்லை. வீட்டுக்குள் இவ்வாறு செய்தியாளரை அழைத்து வருவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1999-இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் அத்தீர்ப்பு வீட்டைப் பற்றியது; தெருவில் படமெடுப்பதை அது தடுக்கவில்லை.

2010 மே 16 நள்ளிரவுக்குப் பின் டெட்ராய்ட் நகரில், கொலை வழக்கொன்றில் தேடப்பட்டவரைப் பிடிக்கக் காவலர்கள் ஒரு வீட்டுக்குள் பாய்ந்தனர். 'தி ஃபர்ஸ்ட் 48' என்னும் நிகழ்ச்சியின் படக்குழு உடன் வந்திருந்தது. கண்ணைக் கூசச் செய்யும் வெடிகுண்டொன்று சன்னல் வழியே எறியப்பட்டது. சோபாவில் படுத்திருந்த 7 வயதுச் சிறுமி காவலரின் குண்டுக்கு இரையானாள். சுட்டவர்மீது இருமுறை விசாரணை நடந்தும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2015-இல் வழக்கு கைவிடப்பட்டது. காமிரா இல்லாதிருந்தால் காவலர்கள் அமைதியாகக் கதவைத் தட்டியிருப்பார்களோ? எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆனால் பார்வையாளர் காத்திருக்கும்போது எவரும் சற்று மிகையாகவே நடந்துகொள்கிறார் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

2019 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தில், எதிரே வந்த வாகனத்துக்கு முகப்பு விளக்கின் ஒளியைக் குறைக்கவில்லை என்பதற்காக ஒருவரைக் காவலர்கள் துரத்திப் பிடித்தனர். மூச்சுவிட முடியவில்லை என்று அவர் கதறியும், மின்னதிர்ச்சி தரும் கருவி பலமுறை பயன்படுத்தப்பட்டது. அவர் இறந்தார். 'லைவ் பி.டி.' நிகழ்ச்சியின் காமிரா அங்கே இருந்தது. அப்படம் ஒளிபரப்பாகவில்லை, பின்னர் அழிக்கப்பட்டும் விட்டது. விசாரணை முடிந்துவிட்டதாகத் தெரிவிக்கப்பட்ட பின்னரே அழித்ததாக நிகழ்ச்சியினர் விளக்கினர். குடிபோதைக்காரனின் தடுமாற்றத்தை நாடறியக் காட்டிய காமிரா, ஒரு மனிதனின் சாவுக்குச் சாட்சி சொல்ல நிற்கவில்லை.

இதற்கு மறுதலையாக, 2020 மே 25-இல் மினியாபொலிஸ் நகரத் தெருவில், ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைக் காவலர் ஒருவர் முழங்காலால் அழுத்தியதை 17 வயதுப் பெண் ஒருத்தி கைபேசியில் பதிவு செய்தாள். பின்னர் நீதிமன்றத்திலும் தோன்றிச் சாட்சி சொன்னாள். 2021 ஏப்ரலில் அக்காவலர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அவளும் படம்தான் எடுத்தாள். ஆனால் துன்புற்றவனுக்காக எடுத்தாள். உண்மை முடிவு காணும்வரை உடன் நின்றாள். சாட்சிக்கும் வேடிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஃபிளாய்டின் சாவுக்குப்பின், 2020 ஜூனில் 'காப்ஸ்', 'லைவ் பி.டி.' இரண்டும் நிறுத்தப்பட்டன. முன்னது அடுத்த ஆண்டே வேறோர் இடத்தில் மீண்டும் வந்தது. பின்னதைப் போன்ற நிகழ்ச்சி 2022-இல் புதுப்பெயருடன் தொடங்கிற்று. பார்ப்பவர் இருக்கும்வரை விற்பவரும் இருப்பர்.

ஆகவே பொறுப்பு, பார்க்கும் நம்மிடமும் இருக்கிறது. விலங்கிடப்பட்ட ஒருவரின் காட்சி தொலைக்காட்சியிலோ நம் கைபேசியிலோ வரும்போது சிலவற்றை நம்மையே கேட்டுக்கொள்வோம்: இவர் நம் உடன்பிறந்தவராயின் இதனைப் பிறர் பார்க்க விடுவோமா? இதன் பின்னர் என்ன நடந்தது என்று அறிய முயன்றோமா? நாம் பார்ப்பதால் இவருக்கு யாதேனும் நன்மை உண்டா? மூன்றுக்கும் விடை இல்லையாயின், அக்காட்சியை அணைத்துவிடுவதும் பிறருக்கு அனுப்பாதிருப்பதுமே நாம் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை.