அப்பா பார்த்த கூரை

கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்குக் கூரை ஓவியத்தின் மீது என்ன காதல் என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. காதல் அன்று, பழக்கம்! எங்கள் வீட்டார் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்போம். 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை அப்பா பூமிக்கு அடியில் உழைத்தவர். தலைக்கு மேலுள்ள பாறையைக் கடப்பாரையால் தட்டி, ஓசையைக் கேட்ட பிறகே அதன்கீழ் நிற்பார்களாம். அப்படித் தட்டிப் பார்த்தும் தப்பாத ஒரு நண்பரின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

சென்ற விடுமுறையில் நூலகப் புத்தகம் ஒன்றை ஊருக்கு எடுத்துச் சென்றேன். அதில் வெனிஸ் ஓவியர் தியேப்போலோ 1752-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய முன்வரைவு ஒன்று இருந்தது. உயரம் 185 சென்டிமீட்டர்; இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் அரண்மனையின் படிக்கட்டு மண்டபக் கூரையில் என்ன தீட்டப் போகிறேன் என்பதை, அந்நாட்டை ஆண்ட ஆயருக்குக் காட்டி ஒப்புதல் பெறவே அதை வரைந்தார். நடுவானில் அப்பல்லோ; விளிம்புகளில் நான்கு கண்டங்கள்.

ஈரச் சுண்ணத்தில் தீட்டும் ஓவியம் அல்லவா? பூச்சு காய்வதற்குள் வண்ணம் ஏறிவிட வேண்டும். தயக்கமெல்லாம் வரைவிலேயே தீர வேண்டும். அப்படியிருந்தும், சாரத்தில் ஏறிய பின் அவர் பலவற்றை மாற்றியிருக்கிறார். முடிந்த கூரையில் ஆசியா யானை மேல், ஆப்பிரிக்கா ஒட்டகத்தின் மேல், அமெரிக்கா முதலையின் மேல். ஐரோப்பாவுக்கு மட்டும் சிம்மாசனம்! ஆசியாவைக் கண்ணாலும் காணாதவர் தீட்டியது. எனக்கு அது உறுத்தியது. அப்பாவிடம் அதைத்தான் ஆத்திரத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் கண் வேறெங்கோ இருந்தது.

"அகலம் எவ்வளவுப்பா?"

"ஏறத்தாழ 18 மீட்டர். நீளம் 30."

"முட்டு எங்கே கொடுத்திருக்கான்?"

"முட்டும் இல்லை, தூணும் இல்லை அப்பா. பல்தாசர் நொய்மான் என்பவர் கட்டியது. 1945 மார்ச்சில் குண்டு வீச்சில் அரண்மனை எரிந்தபோதுகூட இந்த வளைவு விழவில்லை."

அப்பா நெடுநேரம் பேசவில்லை. சுவரிலிருந்த நண்பரின் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு புத்தகத்தை அருகில் இழுத்து, அந்த வானத்தை விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினார்.